கை பிடிக்கும் பஸ்

குழந்தைவேலு செத்துப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, பொருட்காட்சி விராலிமலையைக் காலி செய்துகொண்டு மணப்பாறைக்கு வந்து இறங்கிய முதல் காலையில், பஞ்சுமிட்டாய் போடுகிற சையது தீப்பெட்டி கேட்பதற்காக ரெங்கநாயகியின் பஸ் மேல் கையை வைத்தான். அவள் உள்ளே அடுப்படியில் தீப்பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் பஸ்ஸின் தகரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டது. ஷாக் அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டது. ஒரு கட்டைவிரல், நாலு விரல், அதில் மோதிர விரல் மட்டும் முதல் கணுவோடு நின்றுபோனது. ஜெனரேட்டரின் பெல்ட்டில் விரல் நுனியைக் கொடுத்த ஆள் அந்தப் பொருட்காட்சியில் ஒருவர்தான், ரெங்கநாயகியின் புருஷன், எலக்ட்ரீசியன் குழந்தைவேலு.

"அக்கா, அண்ணன் கையப் பிடிச்சாரு" என்றான் சையது, ஜன்னலைப் பார்த்து.

"அப்படியா" என்று ரெங்கநாயகி தீப்பெட்டியை நீட்டினாள். பிறகு பால் பொங்கி வரும் சத்தம் கேட்டதால் உள்ளே போனாள். அவள் பாலை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதும் சையது போகாமல், தீப்பெட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தகரத்திலிருந்து எடுக்காமல் நின்றிருந்தான்.

அது பஸ்தான், ஆனால் வீடு. முன்னொரு காலத்தில் துறையூர்ப் பக்கம் ஓடி, ஓடி ஓய்ந்து, ஏலத்துக்கு வந்ததைக் குழந்தைவேலு வாங்கி, சீட்டெல்லாம் கழற்றி, டிரைவர் முதுகுக்குப் பின்னால் அடுப்படியும், பின்சீட்டு நீளத்துக்குப் படுக்கையும், நடுவில் சாமி படமும் பிரிட்ஜுமாக ஆக்கியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அதில்தான் குடித்தனம். ராட்டினம் போகிற ஊருக்கெல்லாம் வீடும் போகும். வாசல்படிக்கு மேலே "படியில் பயணம் செய்யாதீர்" என்றும், ஜன்னலுக்கு மேலே "கை, தலையை வெளியே நீட்டாதீர்" என்றும் பழைய எழுத்து அழியாமல் இருந்தது. மகள் இளவரசி எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்த இரண்டு வரியில்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் கரண்டோடு குடித்தனம் பண்ணுவது வேறு மாதிரி. ரப்பர் சக்கரத்தில் நிற்கிற வண்டி அது. எங்கேயாவது ஒரு வயர் உரசித் தோல் போனால் கசிகிற கரண்டு இறங்கிப் போக இடமில்லாமல் தகரம் முழுக்கப் பரவி நிற்கும். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கால் தரையிலும் ஒரு கை தகரத்திலுமாக எவன் நிற்கிறானோ அவன் வழியாக இறங்கும். அதனால் பொருட்காட்சி ஜனங்கள் வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பார்கள், கிழவிகள் உட்பட. தகரத்தைத் தொட வேண்டியிருந்தால் புறங்கையால் தொடுவார்கள்; உள்ளங்கையால் தொட்டால் கை மூடிக்கொள்ளும், விடாது. இதெல்லாம் குழந்தைவேலு சொல்லிக் கொடுத்தது. அதற்கும் மேலே, புது ஊரில் இறங்கியதும் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே, தொடை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, இரும்புக் கம்பியை நட்டு, அதிலிருந்து பஸ்ஸுக்கு ஒரு வயரைக் கட்டி, காலையும் மாலையும் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழி ஈரமாக இருந்தால் கசிகிற கரண்டு பேசாமல் அந்த வழியே மண்ணுக்குள் போய்விடும். காய்ந்த குழி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குழி தோண்டுவது அவர் வேலை, தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு வேளைகூடத் தவறியதில்லை, ஒரே ஒரு வேளை தவிர.

அவர் போன பிறகு குழி தோண்ட யாருமில்லை என்று இல்லை. பொருட்காட்சி மேனேஜர் புதிதாகத் தங்கராசு என்ற எலக்ட்ரீசியனைச் சேர்த்திருந்தார், நாற்பது வயது, நிதானமான ஆள். அவன் டெஸ்டரைத் தகரத்தில் வைத்தான், எரிந்தது. பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஊர்ந்து, பிரிட்ஜுக்குப் போகிற வயர் சட்டத்தில் உரசிச் செம்பு தெரிவதைக் கண்டுபிடித்தான். "பத்து நிமிஷ வேலக்கா. வயர மாத்தி, ஒரு குழியத் தோண்டிட்டா ஒண்ணும் இருக்காது" என்றான். ஒன்றும் இருக்காது என்றால் அந்தக் கையும் இருக்காது. "நாளைக்குப் பாப்போம் தங்கராசு" என்றாள். அந்த நாளை வரவேயில்லை.

அதற்குள் பொருட்காட்சி அந்தக் கையைத் தன் நடைமுறைக்குள் எடுத்துக்கொண்டது. செருப்புப் போட்டு நின்றால் கை லேசாகத் தெரியும், வெறுங்காலோடு நின்றால் கெட்டியாகப் பிடிக்கும், ஜெனரேட்டர் நின்றால் கையும் இருக்காது, ஓடினால் வந்துவிடும் என்பது ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் மனப்பாடமாயிற்று. மரணக் கிணற்றில் பைக் ஓட்டுகிறவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வந்து ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனான். வளையம் எறிகிற கடை வைத்திருந்த லூர்து மேரி, புருஷன் துபாய்க்குப் போய் ஆறு வருஷம் ஆனவள், சாயங்காலம் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து பின்சக்கரத்துப் பக்கமாக, யாருக்கும் முகம் தெரியாதபடி நின்றாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ரெங்கநாயகியும் அந்த நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவைத்தாள். ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஊர்க் கிணற்றில் மகனைப் பறிகொடுத்த ஒரு தலையாரி, மோதிர விரல் மொட்டை என்று தெரிந்தும், அது தன் மகன் கைதான் என்று சொல்லிப் போனார். காணாமல் போன நகை எங்கே என்று கேட்டவர்களுக்கு மட்டும் கை ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்கத்தான் அதற்குத் தெரியும். மேனேஜர் கயிறு கட்டி, "செருப்பைக் கழற்றவும், தொட்டவர் நகரவும்" என்று பலகை மாட்டினார். கரண்டு இணைப்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட வந்த அதிகாரி டெஸ்டர் எரிவதைப் பார்த்து முகம் சுளித்தவர், தானும் ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டார். ஒரே தொழில்காரர்கள் கை குலுக்குவதுபோல அது குலுக்கியதாம். "கசிவு உள்ளது, பழகியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் கிடைத்தது, ரெங்கநாயகிக்கு வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை.

அவள் தினமும் விடிந்ததும் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து இறங்கி, செருப்பில்லாமல் மண்ணில் நின்று, புறங்கையைத் தகரத்தில் வைப்பாள். கை வந்து அவள் கையைப் பின்னாலிருந்து மூடிக்கொள்ளும். உயிரோடு இருந்தபோது இருந்த அதே காய்ப்பு, அதே சூடு. ஆனால் அவள் காத்திருந்தது அதற்கல்ல. அவர்களுக்குள் சண்டை வந்தால் குழந்தைவேலு சமாதானம் பேசுகிற ஆள் இல்லை. இரண்டு நாள், மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் சோறு போடும்போது அந்த மொட்டை விரலால் அவள் புறங்கையில் இரண்டு முறை அழுத்துவார். சரி விடு என்று அர்த்தம். அவ்வளவுதான், சண்டை தீர்ந்துவிடும். அந்த இரண்டு அழுத்தலுக்காக அவள் மணப்பாறையில் காத்திருந்தாள், பெரம்பலூரில் காத்திருந்தாள், அரியலூரில் காத்திருந்தாள். கை பிடித்தபடியே இருந்தது, அழுத்தவேயில்லை.

கடைசிச் சண்டை விராலிமலையில், சித்திரை வெயிலில். இளவரசிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று போன் வந்தது. நல்ல சேதியோடு சம்பந்தியம்மாள், "தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பணுமே, இப்ப எந்த ஊருல நிக்கிறீங்க?" என்றும் கேட்டுவிட்டாள். ரெங்கநாயகிக்கு அது சுருக்கென்று தைத்தது. "தாய் வீடு எங்கன்னு கேட்டா வண்டி நம்பரச் சொல்றதா? நாலு செவுரு வச்சு ஒரு இடம் பாத்தா என்ன?" என்று அவள் கேட்க, "இதுக்கும் நாலு செவுருதான்டி, கூட ஆறு சக்கரம் இருக்கு" என்று அவர் சிரிக்க, அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆகவில்லை. மூன்று நாள் பேச்சில்லை. விராலிமலையில் அப்போது தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை. மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் ஒரே ஒரு குடம் தண்ணீர் இருந்தது. குழி காய்ந்து வெடித்துக் கிடந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்தக் குடத்தைத் தன் தலையில் ஊற்றிக் குளித்தாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தபோது, கீழே குழந்தைவேலு, எல்லாருக்கும் புறங்கை சொல்லிக்கொடுத்த மனுஷன், உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தபடி சரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பேப்பரில் கட்டிய வாழைக்காய் பஜ்ஜி சிதறிக் கிடந்தது. அடியில் விரிசல் விட்ட ஒரு பச்சைக் குடமும் உருண்டு கிடந்தது.

தொழிலே அவரைக் கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் தலை ஈரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பச்சைக் குடத்தை யாரும் கேட்டு வராததால், விரிசலுக்குத் தண்ணீர் நிற்காது என்று அதில் அரிசி போட்டுவைத்தாள்.

ஐப்பசியில் பொருட்காட்சி மாயவரம் போனது. அடைமழை. மண் ஈரமாக ஆக, கையின் பிடி இறுகியது. தொட்டவர்கள் உதறி உதறித்தான் கையை எடுக்க முடிந்தது. "அண்ணனுக்கு நம்மள விட மனசில்ல" என்று அதற்கும் பெருமையாகவே பேசிக்கொண்டார்கள். தங்கராசு மட்டும் இரண்டு தரம் வந்து, "அக்கா, இது நல்லதுக்கில்ல" என்றான். ரெங்கநாயகி அவனுக்கு ஒரு டீயைப் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். இன்னும் அந்த இரண்டு அழுத்தல் வரவில்லையே, எப்படி விடுவாள்.

அந்த மழையில்தான் இளவரசி வந்தாள், ஏழாம் மாசம் வளையல் போட்டு, தாய் வீட்டுக்கு. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. தாயைக்கூடப் பார்க்காமல், பிறந்து வளர்ந்த வழக்கத்தையெல்லாம் மறந்து, வெறுங்காலோடு சேற்றில் ஓடிவந்து, "அப்பா" என்று இரண்டு உள்ளங்கையையும் பஸ்ஸில் வைத்தாள்.

வரிசையில் நின்றவர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். இளவரசி சிரித்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் பாவம், அழட்டும் என்று நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜன்னலில் இருந்த ரெங்கநாயகி மகளின் தாடையைப் பார்த்தாள். அந்தத் தாடை இறுகியிருந்த விதத்தை அவள் ஏற்கனவே ஒரு தரம் பார்த்திருக்கிறாள். உட்காருகிற மணைப்பலகையை எடுத்துக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பெற்ற மகளின் முழங்கையில் ஓங்கி அடித்தாள், மறுபடியும் அடித்தாள். கண்ணாடி வளையல்கள் உடைந்து சேற்றில் விழ, இளவரசி பின்னால் சாய்ந்து, ஒதுங்கி நின்ற லூர்து மேரியின் மேல் விழுந்தாள். தங்கராசு ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாகக் கேட்கிறது என்று சொல்கிறவரை ரெங்கநாயகி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். இளவரசியின் இரண்டு உள்ளங்கையிலும் விரல் தடம் சிவந்து பதிந்திருந்தது. நாலு முழு விரல், ஒரு அரை விரல்.

"அப்பா வேணும்னு பண்ணலம்மா" என்றாள் இளவரசி.

"தெரியும்டி. அவரு பண்ணல, நான் பண்ணுனது" என்றாள் ரெங்கநாயகி. மகளுக்கு அது புரியவில்லை.

மறுநாள் காலையில் இளவரசியைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது மழை விட்டிருந்தது. ரெங்கநாயகி தங்கராசைக் கூப்பிட்டு, "குழியத் தோண்டு. அது முடிஞ்சதும் வயரையும் மாத்திரு" என்றாள். சேதி பரவி, ராட்டினக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பைக் ஓட்டுகிறவன், "நான் எப்படிம்மா கெணத்துல எறங்குவேன்?" என்று கேட்டான். மேனேஜர் கயிற்றை இன்னும் நாலு அடி தள்ளிக் கட்டலாம், ரப்பர் பாய் விரிக்கலாம் என்றார். லூர்து மேரி தூரத்தில் நின்று அழுதாள். அவர்கள் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை என்று ரெங்கநாயகிக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜெனரேட்டரை ஓடவிடச் சொல்லி, வெறுங்காலோடு நின்று, புறங்கையைத் தகரத்தில் வைத்துக்கொண்டாள். கை வந்து பிடித்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க, இவரும் கேக்கட்டும். அன்னைக்கு நான் குழிக்குத் தண்ணி ஊத்தல. மறந்துபோயி இல்ல, கோவத்துல. ஒரு குடந்தான் இருந்துச்சு. அத என் தலையில ஊத்திக்கிட்டேன். ஆறு மாசமா அதுக்கு மன்னிப்புக் கேட்டுத்தான் இவரு கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். குழி தோண்டாம வச்சிருந்ததும் அதுக்குத்தான். நேத்து என் புள்ளயும் போயிருக்கும்."

கை பிடித்தபடியே இருந்தது, அழுத்தவில்லை. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சையது முன்னால் வந்தான்.

"அந்தப் பச்சைக் கொடம் என்னுதுக்கா" என்றான்.

ரெங்கநாயகி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணன் பஜ்ஜி பொட்டலத்தோட என் கடைக்கு வந்தாரு. ஒரு கொடம் தண்ணி குடு பாய், குழி காஞ்சு கெடக்குன்னாரு. அக்கா ஊத்தலியான்னு கேட்டேன். 'அவ கோவத்துல இருக்கா, இருக்கட்டும், நியாயமான கோவந்தான். குழி காயக் கூடாதுல்ல, நான் ஊத்திட்டு வாரேன்'னு சிரிச்சாரு. எங்கிட்ட இருந்தது அந்த வெடிச்ச கொடந்தான். தோள்ல தூக்கிட்டுப் போறாரு, ஒழுகிக்கிட்டே போவுது, இடுப்பு, கால் எல்லாம் ஈரம். கூப்புட்டு வேற கொடம் மாத்திக் குடுக்கலாம்னு நெனச்சேன், கடையில கூட்டம், விட்டுட்டேன். பஜ்ஜி ஆறிடும்னு மொதல்ல உங்களக் கூப்புட வந்திருப்பாரு. காஞ்ச காலா இருந்திருந்தா பொழச்சிருப்பாருக்கா. மொத நாளு தீப்பெட்டிக்கு வரல நான். தீப்பெட்டி எங்கிட்டயே இருந்துச்சு."

அவன் குனிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நரைத்த தாடியோடு ஒரு ஆம்பளை நாலு பேர் முன்னால் அப்படி அழுவதைப் பார்க்க முடியாமல் பைக் ஓட்டுகிறவன் திரும்பிக்கொண்டான். ரெங்கநாயகிக்கு அழுகை வரவில்லை. ஆறு மாசமாகத் தான் காத்திருந்த சமாதானம், அவர் சாவதற்குக் கால் மணி நேரம் முன்பே, ஒரு வெடித்த குடத்தைத் தூக்கிக்கொண்டு தன்னை நோக்கி நடந்து வந்திருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. நியாயமான கோவந்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

தங்கராசு குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பியை நட்டு, வயரை இறுக்கினான். "ஈர மண்ணுதாங்கா, தண்ணி வேண்டியதில்ல" என்றான்.

"வேணும்" என்றாள் ரெங்கநாயகி. "சையது, உன் கொடத்த எடுத்துட்டு வா. உள்ள அரிசி கெடக்கு, இளவரசிட்டக் கொட்டச் சொல்லு."

சையது பச்சைக் குடத்தில் தண்ணீர் பிடித்து, விரிசலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வந்தான். ஒரு கையைத் தகரத்திலிருந்து எடுக்காமல் அவள் மறுகையைக் குடத்தில் கொடுக்க, இருவருமாகச் சாய்த்து ஊற்றினார்கள். தண்ணீர் இறங்க இறங்கப் பிடி தளர்ந்தது. கட்டைவிரல் முதலில் விட்டது, பிறகு சுண்டுவிரல், பிறகு நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாக. மொட்டை விரல் கொஞ்ச நேரம் அவள் புறங்கையிலேயே இருந்தது. அது அழுத்தவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு அதுவும் இல்லை.

தங்கராசு டெஸ்டரை வைத்தான், எரியவில்லை. ஒரு வேலை முடிந்ததும் குழந்தைவேலு சொல்கிற சொல்லை ரெங்கநாயகியே சொன்னாள்: "இனி தொடலாம்." யாரும் தொடவில்லை. மேனேஜர் தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

இளவரசிக்கு மார்கழியில் அந்த பஸ்ஸில்தான் இடுப்பு வலி கண்டு, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அந்த பஸ்ஸுக்குத்தான் பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். சம்பந்தியம்மாள் போனில் எந்த ஊர் என்று கேட்டதற்கு ரெங்கநாயகி கூச்சமில்லாமல் வண்டி நம்பரைச் சொன்னாள். எந்த ஊரில் இறங்கினாலும் முதல் குடத்தைச் சையது கொண்டுவருகிறான், விரிசலைப் பொத்திக்கொண்டு. வழியெல்லாம் ஒழுகியதுபோக மிச்சத்தை அவள் ஊற்றுகிறாள். இரண்டு வேளை, தவறுவதில்லை.

எல்லாரும் இப்போது சாதாரணமாக, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக வைத்து ஏறி இறங்குகிறார்கள், பயமில்லை. ரெங்கநாயகி மட்டும் காலையில் இறங்கி, வெறுங்காலோடு மண்ணில் நின்று, புறங்கையைத் தகரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். கிழக்குப் பக்கம் என்றால் வெயில் பட்டுத் தகரம் சூடாக இருக்கும். அது வெயிலின் சூடுதான் என்று அவளுக்குத் தெரியும்.